தட்டினால் எரியும் விளக்கு

டார்ச் லைட் மங்கினால் அதை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவதும், ரேடியோ பாதிப் பாட்டில் ஊமையானால் அதன் தலையில் ஓங்கி ஒன்று வைப்பதும் நம் வீடுகளில் வெகுகாலமாக நடந்து வரும் வைத்தியங்கள். அதே வைத்தியத்தைச் சற்றுப் பெரிய அளவில் நெடுஞ்சாலையிலும் காணலாம். இரவு பத்து மணிக்கு மேல், திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், மணப்பாறையைத் தாண்டி வையம்பட்டியை நோக்கி ஒரு பழைய கார் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வலப்பக்கத்து ஹெட்லைட் சிமிட்டுகிறது, மங்குகிறது, அணைந்தே போகிறது. ஓட்டுகிறவர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி வந்து, மட்கார்டின்மேல் ஒரு குத்து விடுகிறார். விளக்கு ஒன்றுமே நடவாததுபோல் பளிச்சென்று எரிகிறது. பத்து நிமிஷம் சென்றபின் மறுபடியும் அணைகிறது.

பல்பின் இழை அறுந்து போயிருந்தால் எத்தனை குத்தினாலும் எரியாது. பாட்டரி தீர்ந்திருந்தால் இடப்பக்கத்து விளக்கும் கூடவே மங்கியிருக்க வேண்டும். பிழை வேறெங்கோ இருக்கிறது. கண்ணுக்கு எட்டாத எலெக்ட்ரான்களின் ஓட்டமே மின்சாரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு, அந்தச் சூட்சுமமான ஓட்டம் ஒரு மனிதரின் முரட்டுக் குத்துக்குக் கட்டுப்படுகிறது என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. அந்தக் குத்து எதை மாற்றிற்று? மாறியது ஏன் நிலைக்கவில்லை? மறுநாள் காலையில் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், அவர் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கனெக்ஷன் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறாரே, அது எப்படி? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுகின்றன என்று நாம் சொல்லும்போது மெய்யாகவே என்ன நடக்கிறது என்பதில்தான் அது அடங்கியிருக்கிறது.

வண்டலூரில் பிறந்த வண்டி

உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வது நல்லது. அதிலும் இந்தப் பிழைக்குப் பேர்போன கார் ஒன்று நம் சென்னைப் பக்கத்திலேயே பிறந்திருக்கும்போது வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்ட் என்னும் காரை, வண்டலூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார், 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்து விற்றார்கள். அம்பாஸடரும் ஃபியட்டும் நிறைந்திருந்த சாலைகளில், இரண்டே கதவுகளும் 948 சி.சி. எஞ்சினும் கொண்ட அந்தச் சிறிய கார், இத்தாலிய வடிவமைப்பாளரான ஜியோவன்னி மிகலாட்டி வரைந்த மேனி அழகினாலும், மிகச் சிறிய வட்டத்தில் திரும்பிவிடும் சாமர்த்தியத்தினாலும், வாலிபர்களின் மனத்தைக் கவர்ந்தது. அதன் சேஸிஸையே நீளங் குறைத்து, அதே மிகலாட்டியின் கைவண்ணத்தில், 1962இல் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் உண்டாக்கினார்கள். ஆகவே ஹெரால்டைப்பற்றி இங்கே சொல்வதெல்லாம் அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இந்த இரண்டு வண்டிகளுக்கும் ஒரு விசேஷம் உண்டு. மற்ற கார்களில் பானெட் என்பது ஒரு மூடி. அதைத் தூக்கி எஞ்சினைக் குனிந்து பார்க்க வேண்டும். ஹெரால்டிலோ பானெட், இரண்டு பக்கத்து மட்கார்டுகள், அவற்றில் பதித்த ஹெட்லைட்டுகள் எல்லாம் சேர்ந்த முன்பாகம் முழுவதும் ஒரே துண்டாக, மூக்கின் அடியிலுள்ள கீலில் சுழன்று, முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். மெக்கானிக் முன்சக்கரத்தின் டயர்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை செய்யலாம். வேலை செய்கிறவருக்கு இதைவிட உபகாரமான ஏற்பாட்டை நான் வேறு எந்தக் காரிலும் கண்டதில்லை. ஆனால் ஹெட்லைட்டுக்குப் போகும் வயர்கள் அந்தக் கீலின் அருகாகச் சென்றாக வேண்டும். பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் அவை ஒருமுறை வளைந்து நிமிர வேண்டும். பானெட்டை அடியோடு கழற்ற நேர்ந்தால் வயர்களைப் பிரிக்க வசதியாக, அங்கேயே சிறு சிறு இணைப்புகளும் வைக்க வேண்டும். வயரின் நுனியில் துப்பாக்கி ரவையின் உருவத்தில் ஒரு பித்தளைக் குமிழ். அதைப் பிடித்துக்கொள்ள, கறுப்பு ரப்பருக்குள் ஒளிந்திருக்கும் ஓர் உலோகக் குழல். இதைப் புல்லட் கனெக்டர் என்பார்கள். முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறும் புழுதியும் நேராக வந்து விழும் இடத்தில் அது இருக்கிறது.

பழைய பிரிட்டிஷ் கார்களின் மின்சாமான்களைப் பெரும்பாலும் செய்து கொடுத்தது பர்மிங்ஹாமின் ஜோஸப் லூகாஸ் கம்பெனி. அந்தக் கார்களை வைத்திருப்போர் லூகாஸை 'இருளின் இளவரசர்' என்று கேலி செய்வது உலகெங்கும் வழக்கம். சென்னைப் பாடியில் 1961இல் டி.வி.எஸ். குடும்பத்தாருடன் கூட்டுச் சேர்ந்து லூகாஸ் டி.வி.எஸ். ஆக இங்கேயும் வேரூன்றிய அந்தப் பெயருக்கு இந்தக் கேலியில் முழு நியாயம் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். இருளுக்குக் காரணம் பெரும்பாலும் விளக்குகள் அல்ல; வருஷக்கணக்கில் எவரும் தொட்டுப் பாராத இணைப்புகளே.

போகிற வழியும் திரும்புகிற வழியும்

மின்சாரம் பாட்டரியிலிருந்து புறப்பட்டு விளக்கை அடைந்தால் மட்டும் போதாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும். வீட்டு விளக்குக்கு இரண்டு கம்பிகள் இருப்பது இதனால்தான். காரில் செம்பை மிச்சப்படுத்தும் பொருட்டுத் திரும்பும் வழிக்கு வண்டியின் இரும்பு உடலையே உபயோகித்துக்கொண்டார்கள். மெக்கானிக்குகள் இதை 'பாடி எர்த்' என்பார்கள். ஹெரால்டில் விளக்கிலிருந்து புறப்படும் ஒரு கறுப்பு வயர், புல்லட் கனெக்டர் வழியாக வந்து, உடலில் ஓர் ஆணியோடு இறுக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து இரும்பின் வழியாக மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும். லூகாஸ் வயர்களில் நிறத்துக்கு ஒரு சாஸ்திரம் உண்டு: நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது தூரம் வீசும் பிரைட்டுக்கு, நீலத்தில் சிவப்புக் கோடு போட்டது தாழ்ந்து விழும் டிப்புக்கு, முழுக் கறுப்பு எர்த்துக்கு.

விளக்கு அணைந்தால் எல்லோரும் நீல வயரைத்தான் சந்தேகிக்கிறார்கள். கறுப்பு வயரை எவரும் நினைப்பதில்லை. குற்றவாளி பெரும்பாலும் அதுதான். போகிற வழி ரப்பர் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது; திரும்புகிற வழியோ பெயிண்டுக்கும் துருவுக்கும் நடுவே ஓர் ஆணியின் இறுக்கத்தை நம்பி இருக்கிறது.

தொடுவதுபோல் தோன்றுவது

பித்தளைக் குமிழைக் குழலுக்குள் அழுத்திச் செருகினால் இரண்டும் நன்றாகப் பொருந்திக்கொண்டன என்று கை சொல்கிறது. கண்ணும் அதையே சொல்கிறது. இரண்டுமே ஏமாறுகின்றன. எவ்வளவு மழமழப்பாகத் தேய்த்த உலோகத்தையும் பலமான பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதன் பரப்பு மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும். முறுக்குக்குப் பேர்போன மணப்பாறையில் இருந்துகொண்டு இதற்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை: முள் முள்ளாகப் பிழிந்த இரண்டு முறுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள், தட்டில் பார்க்கும்போது இரண்டும் படிந்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும், ஆனால் மெய்யாக ஒன்றையொன்று தொடும் முட்கள் எண்ணிச் சொல்லக்கூடிய சிலவே. இரண்டு உலோகப் பரப்புகளும் இப்படித்தான் தம் சிகரங்களில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. மீதிப் பரப்பு முழுவதிலும் இடையே இருப்பது வெறும் காற்று.

இதைத் தீர ஆராய்ந்தவர் ராக்னர் ஹோல்ம் என்னும் சுவீடன் தேசத்து விஞ்ஞானி; பெர்லின் சீமென்ஸ் கம்பெனியில் பல ஆண்டுகள் இதற்காகவே உழைத்து, 1941இல் மின்தொடுதல்களைப்பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1939இல், கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்னும் இருவர் உலோகங்களின் ஊடே மின்சாரத்தைச் செலுத்தி அளந்து, தொடுவதாகத் தோன்றும் பரப்பில் மிகச் சிறிய பின்னமே மெய்யாகத் தொடுகிறது என்றும், பரப்பைப் பெரிதாக்குவதால் அந்தப் பின்னம் வளர்வதில்லை, அழுத்தத்தை அதிகமாக்கினால்தான் வளர்கிறது என்றும் காட்டினார்கள். நம் புல்லட் கனெக்டருக்கு இது உயிர்நாடியான செய்தி. குழலின் உலோகத்துக்கு ஸ்பிரிங் போன்ற பிடிப்பு இருக்கும்வரைதான் சிகரங்கள் ஒன்றோடொன்று நசுங்கித் தொடும். நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அந்தக் குழல் தளர்ந்து, விரிந்து, சில சமயம் கீறலும் விட்டுப் போகிறது. குமிழ் உள்ளேதான் இருக்கிறது; அழுத்தம் போய்விட்டது.

ஓட்டம் முழுவதும் அந்தச் சில சிகரங்களின் வழியாகவே நெருக்கியடித்துக்கொண்டு செல்ல வேண்டியிருப்பதால் ஏற்படும் இடையூற்றைத் 'தொடுதடை' என்று அழைப்போம். வயரின் தடை வேறு, இது வேறு. நல்ல இணைப்பில் தொடுதடை இல்லை என்றே சொல்லிவிடலாம். கெட்ட இணைப்பில் அது விளக்கின் தடைக்குச் சமமாகவே வளர்ந்துவிடக்கூடும்.

களிம்பு

சிகரங்கள் சுத்தமான உலோகமாக இருந்தாலாவது பரவாயில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவும் ஈரமும் செம்பின்மேலும் பித்தளையின்மேலும் ஒரு படலத்தைப் படியவைக்கின்றன. ஆரம்பத்தில் பழுப்பு, பிறகு கறுப்பு, உப்பும் ஈரமும் சேர்ந்தால் பச்சை. நம் முன்னோருக்குக் களிம்பு நன்கு பரிச்சயமான வஸ்து. சைவ சித்தாந்திகள் உயிரோடு கூடவே இருக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பைத்தான் உவமை கூறினார்கள். அந்தப் படலத்தின் வழியாக மின்சாரம் எளிதில் செல்லாது.

மணப்பாறை முறுக்கின் ருசிக்கு அந்த ஊர்த் தண்ணீரில் கலந்திருக்கும் உப்பே காரணம் என்று அவ்வூர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்ட பிறகு அந்தப் பெருமை கூடியுமிருக்கிறது. முறுக்கு மாவுக்கு அனுகூலமான அதே உப்பு பித்தளைக்குச் சத்துரு. போர் தண்ணீரை டியூபில் பீய்ச்சி வண்டியைக் கழுவினால், கீலுக்கு அருகிலுள்ள ரப்பர் உறைக்குள் சில சொட்டுகள் புகுந்துவிடும். தண்ணீர் உலர்ந்து போகும், உப்பு போகாது. அடுத்த மழையில் அது மறுபடி நனைந்து தன் வேலையைத் தொடரும். பித்தளை, செம்பு, இரும்பு, ஈயப்பற்று என்று வெவ்வேறு உலோகங்கள் அங்கே கூடியிருப்பதால், உப்புநீர் படும்போது அவற்றுக்கிடையே ஒரு சின்னஞ்சிறு பாட்டரியே உருவாகி, அரிப்பு இன்னும் துரிதமாகிறது.

இதோடு வண்டி ஓடும்போது உண்டாகும் அதிர்வும் சேர்கிறது. சாலையின் குலுக்கலில் குமிழ் குழலுக்குள் மயிரிழையளவு முன்னும் பின்னும் உராய்கிறது. ஒவ்வோர் உராய்விலும் சிகரங்கள் கொஞ்சம் தேய்ந்து தூளாகின்றன. அந்தத் தூள் உடனே களிம்பேறி, மெய்யான தொடுதல் நடக்க வேண்டிய இடங்களிலேயே அடைத்துக்கொள்கிறது.

ஒரு கணக்கு

இனி நம் மணப்பாறைக் காரின் வலப்பக்கத்து விளக்கை எடுத்துக்கொண்டு எண்களைப் போட்டுப் பார்ப்போம். பாட்டரி 12 வோல்ட். பிரைட் இழை 60 வாட். அறுபதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஐந்து. ஆகவே இழையின் வழியாக ஓடுவது 5 ஆம்பியர். பன்னிரண்டை ஐந்தால் வகுத்தால் இழையின் தடை கிடைக்கும்: 2.4 ஓம்.

இப்போது வழியிலுள்ள கெட்ட இணைப்புகளெல்லாம் சேர்ந்து 0.6 ஓம் தொடுதடையைக் கொண்டுவந்துவிட்டன என்று கொள்வோம். அரை ஓமுக்குச் சற்றே அதிகம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றுகிறது. ஆனால் மொத்தத் தடை இப்போது 3 ஓம் ஆகிவிட்டது. ஓட்டம் 4 ஆம்பியராகக் குறைந்துவிட்டது. விளக்குக்குக் கிடைப்பது 9.6 வோல்ட், மீதி 2.4 வோல்ட் வழியிலேயே செலவாகிறது. இழை சூடாகும் அளவுக்கேற்ப அதன் தடையும் மாறும் என்பதால் உண்மையான எண்கள் இதிலிருந்து சற்று விலகும், போக்கு மாறாது.

ஐந்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்ததனால் வெளிச்சமும் ஐந்தில் ஒரு பங்குதானே குறையும் என்று எண்ணத் தோன்றும். அப்படி இல்லை. இழை சற்றுக் குளிர்ந்தாலும் அது உமிழும் வெள்ளொளி மளமளவென்று குறைந்து, பெரும்பகுதி செந்நிற ஒளியாகவும் வெறும் உஷ்ணமாகவும் போய்விடுகிறது. வோல்ட் ஐந்தில் நான்கு பங்கானால் வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பழைய கார் வைத்திருப்பவர்கள், "அந்தக் காலத்து லைட்டே இப்படித்தான் மஞ்சளா இருக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் தவறு. புதிதாக இருந்தபோது அது அவ்வளவு மஞ்சளாக இருந்ததில்லை.

வழியில் செலவான 2.4 வோல்ட் எங்கே போயிற்று? நான்கு ஆம்பியர் ஓட்டத்தோடு பெருக்கினால் 9.6 வாட், அத்தனையும் உஷ்ணமாயிற்று. பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றுக்கு 25 வாட் போதும். அதில் மூன்றிலொரு பங்குக்கும் மேலான சூடு, விரல் நகத்தினும் சிறிய இணைப்புகளுக்குள், காற்றோட்டமில்லாத ரப்பர் உறையினுள் அடைபட்டுக் கிடக்கிறது. வண்டியை நிறுத்திய உடனே அந்த ரப்பரை விரலால் தொட்டால் கொதிக்கும். சில இடங்களில் ரப்பர் இளகிப் பளபளத்திருப்பதையும் காணலாம்.

ஏன் விட்டு விட்டு?

அந்தச் சூட்டில்தான் விளக்கு விட்டு விட்டு எரியும் புதிருக்கு விடை இருக்கிறது. விளக்கைப் போட்டதும் ஓட்டம் தொடங்குகிறது, இணைப்பு சூடேறுகிறது, சூட்டில் குழல் குமிழைவிடச் சற்றே அதிகமாக விரிந்து, ஏற்கெனவே தளர்ந்திருந்த பிடி இன்னும் தளர்கிறது, சிகரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன, மிஞ்சிய ஒன்றிரண்டின் வழியாகவே முழு ஓட்டமும் செல்ல வேண்டியிருப்பதால் அவை இன்னும் சூடேறுகின்றன, கடைசியில் ஒரு சிறு பொறியோடு தொடுதல் அறுந்துபோகிறது. விளக்கு அணைந்தபின் ஓட்டம் இல்லை, சூடும் இல்லை. உலோகம் குளிர்ந்து சுருங்குகிறது. பழைய சிகரங்களோ புதியவையோ மறுபடி தொடுகின்றன. 'விட்டு விட்டு எரிகிறது' என்பதன் ரகசியம் இதுவே. அணையும்போதெல்லாம் பறக்கும் அந்தப் பொறி, உலோகத்தைக் கொஞ்சம் பொசுக்கிக் களிம்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டுப் போவதால், நோய் நாளுக்கு நாள் முற்றுகிறது.

குத்து செய்வது என்ன? குமிழைக் குழலுக்குள் மயிரிழையளவு நகர்த்துகிறது. களிம்புப் படலம் ஓரிடத்தில் கீறிப்போகிறது. அங்கே சுத்த உலோகம் சுத்த உலோகத்தைத் தொடுகிறது. அவ்வளவுதான். அந்தப் புதிய புள்ளியும் சூடேறி, களிம்பேறி, பத்து நிமிஷத்தில் பழையபடி ஆகிவிடுகிறது.

விளையாட்டாகச் சொல்ல வேண்டுமானால், நமக்கு எரிச்சலூட்டும் இந்த லூஸ் கான்டாக்ட் ஒரு காலத்தில் கம்பியில்லாத் தந்தியின் செவியாகவே இருந்தது. 1890இல் எட்வார் பிரான்லி என்ற பிரெஞ்சுக்காரர், கண்ணாடிக் குழாயில் நிரப்பிய உலோகத் தூள் சாதாரணமாக மின்சாரத்தைத் தடுத்து நிற்பதையும், அருகில் ஒரு மின்பொறி பறந்தால் உடனே வழிவிட்டுவிடுவதையும், குழாயை ஒரு தட்டுத் தட்டினால் பழையபடி தடுத்து நிற்பதையும் கண்டார். ஆலிவர் லாட்ஜ் அதைத் தட்டுவதற்கென்றே ஒரு கருவி அமைத்தார். நம் ஜகதீச சந்திர போஸோ, கல்கத்தாவில் இருந்துகொண்டு, இரும்பும் பாதரசமும் சேர்ந்த தொடுதல் ஒன்றைத் தட்டாமலே தானாக மீளும்படி அமைத்து, 1899இல் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதினார். அந்தத் தூள் குழாயில் தட்டினால் தொடர்பு பிரிந்தது, நம் ஹெட்லைட்டில் தட்டினால் தொடர்பு கூடுகிறது. இரண்டிலும் தட்டு செய்வது ஒன்றே, சிகரங்களை இடம் மாற்றி வைப்பது.

டெஸ்டர் ஏன் ஏமாற்றுகிறது?

மெக்கானிக்கின் டெஸ்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது. பாட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்து, 'இங்கிருந்து அங்கே வழி இருக்கிறதா?' என்று கேட்டால், மீட்டர் ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆன ஓட்டத்தை அனுப்பிப் பார்த்து, 'இருக்கிறது' என்று கீச்சிடுகிறது. ஒரே ஒரு சிகரம் தொட்டுக்கொண்டிருந்தாலும் அந்தச் சிறு ஓட்டம் சென்றுவிடும். மேலும், நம் உதாரணத்தில் பிழை 0.6 ஓம்; சாதாரண மீட்டரின் கம்பிகளுக்கே இரண்டு மூன்று பத்திலொரு பங்கு ஓம் தடை உண்டு. நாம் கேட்க வேண்டியது, 'ஐந்து ஆம்பியர் ஓடும்போது வழி எவ்வளவு வோல்ட்டை விழுங்குகிறது?' என்பது. அதை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதுதான் கேட்க முடியும்.

ஆனபடியால் விளக்கைப் போட்டு ஐந்து பத்து நிமிஷம் எரியவிட்டு, இணைப்புகள் சூடேறியபின், மீட்டரை வோல்ட்டில் வைத்துத் தொடங்க வேண்டும். முதலில் பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே: 12. பிறகு ஹெட்லைட் ஹோல்டரின் பின்புறத்து ஊசிகளுக்கிடையே: 9.6. காணாமற்போன 2.4 வோல்ட்டைத் தேட வேண்டும். மீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் எர்த் அல்லாத முனையிலும் மற்றதை விளக்குக்கு வரும் நீல வயரின் நுனியிலும் வைத்தால் 0.4 காட்டுகிறது. பழைய வயரிங்குக்கு, சுவிட்ச் வழியாகச் சுற்றி வரும் அத்தனை தூரத்துக்கு, இது மோசமில்லை. அடுத்து, விளக்கின் கறுப்பு வயர் நுனிக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் இடையே வைத்தால் 2.0 வோல்ட்! அங்கே பூஜ்யத்துக்கு அருகில்தான் இருக்க வேண்டும், 0.2க்கு மேல் காட்டினால் பிழை உண்டென்று கொள்ளலாம். கறுப்பு வயர் வழியாகவே நகர்ந்து, புல்லட் கனெக்டருக்கு இப்புறமும் அப்புறமும் முட்களை வைத்தால் 1.8. திருடன் அகப்பட்டான். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல், எட்டு அடி வயரில் அரை அங்குலத்துக்குள் பிழையைக் குறுக்கிவிட்டோம்.

மீட்டர் கையில் இல்லாதவர்களுக்கும் ஒரு தடயம் உண்டு. பலரும் கண்டு குழம்பும் தடயம். வலப்பக்கத்து எர்த் அடியோடு அறுந்திருக்கும்போது டிப் போட்டால், அந்த ஒரு பல்பின் இரண்டு இழைகளும் ஒருசேர மங்கலாகச் சிவக்கும்; டாஷ்போர்டில் பிரைட் போட்டால் மட்டும் எரிய வேண்டிய நீலக் குறிவிளக்கும் லேசாக ஒளிரும். பேய் பிசாசு இல்லை. டிப் இழைக்குள் வந்த மின்சாரம் தன் வழக்கமான திரும்பும் வழி அடைபட்டதால், பக்கத்திலுள்ள பிரைட் இழைக்குள் பின்புறமாகப் புகுந்து, பிரைட் வயர் வழியே இடப்பக்கத்து விளக்குக்குச் சென்று, அதன் நல்ல எர்த்தின் மூலம் வீடு திரும்புகிறது. போகிற போக்கில் குறிவிளக்கையும் தொட்டுவிட்டுப் போகிறது. இந்தக் காட்சியைக் கண்டவர் பல்பை மாற்றக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. நேரே கறுப்பு வயரைப் பார்க்கலாம். இரண்டு விளக்கும் சேர்ந்து அணைந்தாலோ, இரண்டுக்கும் பொதுவான சுவிட்சையும் அதற்கு முந்தைய வழியையும் சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் டிப் மட்டும் போய் பிரைட் சரியாக இருந்தால் எர்த் நிரபராதி.

பரிகாரம்

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள். அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டின் வழியில் ஃபியூஸ் கிடையாது. ஸ்பானர் தவறி விழுந்தால் வயர் முழுவதும் பழுத்துவிடும்.

குமிழை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி செருகுவது அரை வைத்தியம். தளர்ந்த குழலுக்குப் பிடிப்பு அதனால் திரும்பி வராது. குழலையும் குமிழையும் புதிதாகப் போட வேண்டும். பழைய வயரின் நுனியைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். உள்ளே கறுத்துப்போன செம்பில் எந்தக் குமிழும் நிலைக்காது. வயரை ரப்பரோடு சேர்த்து விரல்களால் நெருடிப் பார்ப்பதும் அவசியம்: கீலின் அருகே வளைந்து வளைந்து, உறை முழுசாக இருக்க உள்ளே இழைகள் பாதி அறுந்திருந்தால், அந்த இடம் மட்டும் துவண்டு கொடுக்கும். இரண்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றும் வழக்கம் நம் பட்டறைகளில் அதிகம்; வளையும் இடத்தில் அது ஒரு மழைக்காலம் தாங்காது. சால்டர் வைத்தாலும், ஈயம் ஊறிய இடத்தில் வயர் விறைத்துவிடுவதால், அதன் விளிம்பில் வளைய விடாமல் பக்கத்திலேயே கிளிப் போட்டுத் தாங்க வேண்டும்.

எர்த் ஆணியின் கீழே பெயிண்டையும் துருவையும் சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கியபின் வாஸலின் தடவலாம். வாஸலின் மின்சாரத்தைக் கடத்தாதே என்று சிலர் அஞ்சுகிறார்கள். இறுக்கத்தில் சிகரங்கள் அதைப் பிதுக்கித் தள்ளிவிட்டுத் தொட்டுக்கொள்ளும், சுற்றியுள்ள பள்ளங்களில் அது நிரம்பி நின்று உப்புநீரைத் தடுக்கும். இவற்றைவிட மேலான காரியம், ஒவ்வொரு ஹெட்லைட்டிலிருந்தும் தனியாக ஒரு கனமான எர்த் வயரை, பானெட் கவிழும்போது இழுபடாதபடி ஒரு சுருள் மிச்சம் விட்டு, நேரே சேஸிஸுக்குக் கொண்டுவருவது. ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சை வைத்து, பாட்டரியிலிருந்து விளக்குக்கு நேர்வழி அமைத்துவிட்டால், முழு ஓட்டத்தையும் சுமந்து தேய்ந்துபோகும் சுவிட்சுக்கும் ஓய்வு கிடைக்கும். புதிதாகப் போடும் அந்த வழியில் ஒரு ஃபியூஸையும் சேர்த்துவிடலாம்.

மங்கின ஹெட்லைட்டுக்கு மருந்தாகக் கடைக்காரர்கள் 100 வாட் பல்பை எடுத்து நீட்டுவார்கள். அதை வாங்காதீர்கள். கெட்ட இணைப்பு எழுப்பும் சூடு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 வாட்டுக்குப் பதில் 100 வாட் போட்டால் நல்ல இணைப்புகளில்கூட இரண்டரை மடங்குக்கு மேல் சூடேறும், அரைகுறையானவை சீக்கிரமே கருகும், எதிரே வருகிறவரின் கண்ணும் கூசும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. இரண்டு விநாடி விளக்கு அணைந்தால், சந்தைக்கு மாடு ஓட்டிச் செல்வோர் நடமாடும் சாலையில் 33 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாகும். மட்கார்டில் குத்தி எரியவைத்த விளக்கோடு வீடு வந்து சேர்ந்துவிட்டால், மறுநாள் பகலிலேயே கறுப்பு வயரைப் பார்த்துவிடுங்கள்.